தேறலும் தோப்பியும் பர்பனும்

சங்க நூல்களைப் பயிற்றும் ஆசிரியர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. தேறல், நறவு, மட்டு, பிழி, அரியல், தோப்பி என அடுத்தடுத்து வரும் சொற்களுக்கெல்லாம் கையேடுகள் 'கள்' என்றோ 'ஒருவகைக் கள்' என்றோ எழுதி அமைந்துவிடுகின்றன. நகரப் பள்ளிகளில் இதனாற் பெருங்கேடு விளைவதில்லை. பீடோர், தாப்பா வட்டாரங்களில் தோட்டத்தைச் சார்ந்து வளர்ந்த தமிழ்ப் பள்ளிகளில் நிலைமை வேறு. அங்கே ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடைகளும் மறைந்தன. ஆயினும் 'கள்' என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த சொல். அதனைக் கேட்ட மாணவன் பாரியின் பறம்பு மலையையும், பாட்டனாரின் கூலியைத் தின்ற கடையையும் ஒன்றாகவே காண்கிறான். இதற்கு அஞ்சி அவ்வடிகளை விரைந்து கடந்துவிடும் ஆசிரியரும் உளர்.

இச்சொற்கள் ஒருபொருள் குறித்த பல சொற்களா, வெவ்வேறு சரக்குகளின் பெயர்களா என்பதே வினா. மதுவின் பெயரைச் சட்டத்தால் வரையறுத்த நாடுகளின் வழக்கை முதலிற் பார்த்துக்கொண்டால் இவ்வினாவுக்கு விடை காண்பது எளிதாகும்.

அமெரிக்கர் வடிக்கும் பர்பன் என்னும் விஸ்கிக்கு நூற்றுக்கு 51 பங்கேனும் மக்காச்சோளம் இருத்தல் வேண்டும். உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரக் கலத்தில் அதனை வைத்தல் வேண்டும். நிறம் சேர்த்தல் கூடாது. 1964-இல் அமெரிக்கப் பேரவை இதனைத் தன் நாட்டுக்கே உரிய சரக்கு என அறிவித்தது. ஸ்காட்லாந்து விஸ்கியோ அந்நாட்டிலேயே ஓக் பீப்பாயில் மூன்றாண்டேனும் முதிர்ந்திருக்க வேண்டும். எரிசர்க்கரையால் நிறமூட்ட அதற்கு இசைவு உண்டு. பர்பனுக்கு ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் மறுமுறை ஆகாது. ஆதலால் அப்பீப்பாய்களிற் பெரும்பகுதி ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறுகிறது. ஒருவர் கழித்த மரத்தில் மற்றவர் தம் சரக்கை முதிர்விக்கின்றனர்!

இவற்றுள் எது உயர்ந்தது என்பது நாவின் வழக்கு. அதனை இங்கே தீர்க்க வேண்டுவதில்லை. விலையைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லலாம். சீட்டில் அச்சிட்ட ஆண்டுக்கணக்கைப் பார்த்து விலை மதிப்பது பொதுவழக்கு. கென்டக்கியின் கோடை வெப்பத்தில், அதுவும் புதிய மரத்தில், மது விரைந்து முதிரும். ஸ்காட்லாந்தின் குளிரில், பழைய மரத்தில், மெல்ல முதிரும். எனவே ஓரிடத்துப் பன்னிரண்டாண்டும் மற்றோரிடத்துப் பன்னிரண்டாண்டும் ஒன்றல்ல. சீட்டில் உள்ள எல்லாச் சொல்லுக்கும் சட்டத்தின் காவல் இருப்பதாகவும் எண்ணிவிடக் கூடாது. 'ஸ்ட்ரெய்ட்' என்றால் இரண்டாண்டேனும் முதிர்ந்தது என்று பொருள். 'ஸ்மால் பேட்ச்' என்பதற்கோ சட்டத்தில் அளவே கிடையாது. அது வணிகன் சூட்டிய பெயர். முன்னது சரக்கைச் சொல்கிறது. பின்னது வாங்குவோனின் ஆசையைத் தொடுகிறது.

இந்த வேறுபாட்டைக் கைக்கொண்டு நம் நூல்களுக்கு வருவோம். அரியல் என்பது அரிக்கப்பட்டது. பிழி என்பது பிழியப்பட்டது. தேறல் என்பது தெளிந்தது. நறவு நறுமணம் பற்றியது. இவை யாவும் செய்முறையாலோ தன்மையாலோ அமைந்த பெயர்கள்; வணிகன் ஆசைகாட்டச் சூட்டியன அல்ல. தோப்பியை நெல்லாற் சமைத்த கள் என்பர் உரையாசிரியர். பெரும்பாணாற்றுப்படை அதனை இல்லத்தில் அடப்பட்டதாகக் கூறுவது கருதத்தக்கது. அந்நூலே பிறிதோரிடத்தில், சமைக்கும் முறையையும் படிப்படியாக விளக்குகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் ஆற்றி, அடையைக் கலந்து, சாடியில் இரு பகலும் இரு இரவும் வைத்து, முதிர்ந்தபின் விரலால் அலைத்துப் பிழிகின்றனர். இங்கே 'அடை' என்பது நெல்முளை என்று உரை கொள்வர். தானியத்தின் மாப்பொருளை இனிப்பாக்குவது முளையே. ஸ்காட்லாந்தார் வாற்கோதுமையை முளைக்கவைப்பதும் அதற்காகவே. உருத்திரங்கண்ணனார் இதனை அறிந்து பாடினாரா, கண்டபடி பாடினாரா என்பது வேறு. கண்டது பிழையறக் கண்டதே.

முதிர்வைக் குறிக்கும் இடங்களும் பல. திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் மூங்கிற் குழாயில் விளைந்த தேன்கலந்த தேறலைச் சொல்கின்றன. மோசியார் ஆய் வேளின் குறவர்க்கும் அத்தகைய தேறலையே உரியதாக்குகிறார். பாரியின் நாட்டைப் பாடும் கபிலர் நிலத்திற் புதைத்து முதிர்வித்ததைக் கூறுகிறார். மூங்கில் ஒரு கலம். மண்ணிற் புதைந்த சாடி மற்றொரு கலம். கலத்தையும் காலத்தையும் புலவர் தவறாது குறிப்பதால், அவை குடிப்போர்க்கு வேறுபாடு தெரிந்த சரக்குகள் என்பது பெறப்படும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். இவ்விடங்களைக் காட்டித் தமிழர் அன்றே விஸ்கி காய்ச்சினர் என மேடையில் முழங்குவது ஆராய்ச்சியாகாது. இவை யாவும் புளிக்கவைத்தவை. ஆவியாக்கி வடித்தவை அல்ல. மூங்கிலில் முதிர்ந்தது ஓக்கில் முதிர்ந்ததற்கு உறவுமன்று. முறை ஒப்பு வேறு. பொருள் ஒப்பு வேறு.

விலையும் விற்பனையும் எவ்வாறு இருந்தன எனின், பண்டமாற்றே பெருவழக்கு. பகைப்புலத்து ஆவைக் கவர்ந்துவந்து நறவுக்கு விலையாகத் தருவதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. பொருநராற்றுப்படையில் தேனும் கிழங்கும் தந்தவர் மீன்நெய்யும் நறவும் பெறுகின்றனர். கரும்பும் அவலும் தந்தவர் மான்தசையும் மதுவும் பெறுகின்றனர். நறவும் மதுவும் இங்கே வெவ்வேறு பொருளா, ஓசைக்காக மாற்றிய சொல்லா என்று ஐயுறலாம். இவ்வோரிடத்தை மட்டும் கொண்டு முடிவு கட்டுதல் ஆகாது. விளம்பரத்துக்குக் கொடி இருந்தது. பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் மது விற்குமிடத்துக் கொடியைப் பிற கொடிகளோடு சேர்த்தே எண்ணுகின்றன.

அயல்நாட்டுச் சரக்கின் மதிப்பும் அன்றே உண்டு. புறநானூற்று 56-ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனுக்கு வாழ்த்தாகச் சொல்வது யவனர் நல்ல கலத்திற் கொணர்ந்த தேறல். அதுவும் பொற்கலத்தில், வளையணிந்த மகளிர் ஊட்ட. அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக் கடல்நாட்டுச் சாடித்துண்டுகள் இவ்வணிகத்துக்குச் சான்று. ஒன்று நோக்குக. குறவர் தேறலைப் பாடும்போது விளைந்த முறையைச் சொன்ன மரபு, யவனர் தேறலைப் பாடும்போது கொணர்ந்தவரையும் கலத்தையும் சொல்கிறது. எப்படி விளைந்தது என்பது அரசவைக்குத் தெரியாது. தெரிய வேண்டுவதும் இல்லை. இன்றைய விமானநிலையக் கடையில் அழகிய புட்டியைப் பார்த்து வாங்குவோன் நிலையும் இதுவே. இதற்கு நேர்மாறானது ஔவையார் அதியமானைப் பாடிய கையறுநிலை. அங்கே வெறும் கள்தான். சிறிதா பெரிதா என்பதே பேச்சு. பகிர்ந்தவன் போனபின் வகையைப் பற்றிப் புலவர்க்கு என்ன?

இனி மலாயாத் தோட்டத்துக் கள்ளைக் காண்போம். அது தென்னையிலிருந்து இறக்கியது. காலையில் இனித்து மாலைக்குள் புளிக்கும். முதிர்விக்கவோ புட்டியிலிட்டுப் பெயர் சூட்டவோ இயலாதது. கொடியும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. கூலிநாளும் கடைக்காரனுக்குத் தெரியும். தொழிலாளர் இதனை உணராமல் இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒரு கோரிக்கையாயிற்று. போருக்குப்பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின்முன் மறியல் செய்தனர்.

கள்ளின் இடத்தைப் பிடித்தது சம்சு. வடித்த சரக்காதலின் கெடாது. சிறு புட்டியில் மலிவாக எங்கும் செல்லும். உடல்வலிக்கு நல்லது என்னும் தோற்றமும் சீட்டில் ஏறியது. கள்ளுக்கு இல்லாத விளம்பரம் அதற்கு வாய்த்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் மாண்டனர். அவருட் பலர் பிழைக்க வந்த அயல்நாட்டுத் தொழிலாளர். அவர் குடித்த புட்டிகளிற் சிலவற்றின் மேல் ஒட்டியிருந்த பெயர் 'விஸ்கி'.