வழுச் செய்தியின் எழுவாய்

எழுத்தென்பது இலக்கியம் மட்டுமன்று. கட்டளைச் சட்டமும் விண்ணப்பப் படிவமுங்கூட எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் இடையிலான சமூக உறவைத் தாங்கி நிற்பனவே. கணினி நிரல்மொழிகள் பயனாளருக்கு விடுக்கும் வழுச் செய்திகளையும் இவ்வாறு நோக்குதல் தகும். அவற்றைப் பொறியின் குரலெனக் கொள்வது பொதுவழக்கு. உண்மையில் ஒவ்வொரு செய்தியும் யாரோ ஒருவர் முன்கூட்டியே எழுதிவைத்த வாக்கியமாகும்.

1991இல் வெளிவந்த பைதன் மொழியிலிருந்து ஓர் உதாரணம் காட்டலாம். எழுமாற்று எண்களைக் கையாளப் பயிலும் மாணவன் தன் கோப்புக்கு 'றண்டம்' எனப் பெயரிட்டு, அதே பெயருடைய நியமக் கூறினை அதனுள் இறக்குமதி செய்கிறான். பைதனோ, இயங்கும் கோப்பு உள்ள கோப்புறையிலேயே முதலில் தேடும். ஆகவே மொழியுடன் வந்த கூறுக்குப் பதிலாக அவனது கோப்பே அவனிடம் மீள்கிறது. 'றண்டம்' என்ற கூறில் அவன் கேட்ட பண்பு இல்லை என்பதே நெடுங்காலம் அவன் பெற்ற விடை. அது பொய்யன்று, ஆயினும் எந்த றண்டம் என்பதை மறைத்தது. 2019இன் 3.8ஆம் பதிப்பு, வட்ட இறக்குமதி காரணமாகலாம் என்றோர் ஊகத்தைச் சேர்த்தது. அது நிபுணருக்கு விளங்கும். பயில்வோனை மேலும் திகைக்கவைக்கும்.

மனிதர் வகுத்த தேடல் விதியொன்று இங்கு பொருள்களின் இயல்பாகத் தோற்றமளிக்கிறது. மனிதரிடையேயான உறவு பொருள்களிடையேயான உறவாகத் தோன்றுவதை 'மூலதனம்' முதற்றொகுதியில் (1867) மார்க்ஸ் விளக்கியது நினைவுகூரத்தக்கது.

இதனை முதலாளியின் சூழ்ச்சியென முடித்துவிடுவது பொறிமுறை மார்க்சியமாகும். நம்மிடையே அதற்குப் பஞ்சமில்லை. பைதன் பலர் கூடி வளர்க்கும் திறந்த மூலநிரல். சிக்கல் உழைப்புப் பிரிவினையிலேயே உள்ளது. செய்தியை எழுதுவோர் மொழியின் உள்ளமைப்பை அறிந்தோர். தேடல் ஒழுங்கு அவர்களுக்குச் சொல்லவேண்டாத ஒன்று.

2024இன் 3.13ஆம் பதிப்பே பெயர் மோதலை வெளிப்படக் கூறி, மோதும் கோப்பைச் சுட்டி, பெயர்மாற்றத்தையும் ஆலோசனையாகத் தந்தது. இது சிறு முன்னேற்றமன்று. எனினும் அதன் இலக்கணம் கவனத்துக்குரியது: கோப்புக்கு முன்னுரிமை அளிப்பது 'இறக்குமதி முறைமை' என்கிறது அச்செய்தி. எழுவாய் மனிதரல்லர்.

அக்கோப்புறையைத் தேடல் வரிசையிலிருந்து விலக்கும் தெரிவு 2022இன் 3.11ஆம் பதிப்பிலேயே சேர்க்கப்பட்டது. விரும்புவோர் தாமே அதனை இயக்கிக்கொள்ள வேண்டும். 2024இன் செய்தி அதைப்பற்றி எதுவும் கூறவில்லை. பெயரை மாற்றவேண்டியவன் மாணவனே.