தோழியின் குரல்

அரக்கோணத்தில் ஓர் ஆடி மாதத்தையாவது கழித்தவர்களுக்கு ஒலிபெருக்கியின் பராக்கிரமத்தைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏறப் போகிற காவடிக் கூட்டம் ரயில் மாறுகிற ஊர் அது. தெருவுக்கு ஓர் அம்மன். அம்மனுக்கு ஒரு கூழ் வார்ப்பு. கூழ் வார்ப்புக்குக் குறைந்தது இரண்டு குழாய் ஸ்பீக்கர். எழுபதுகளில் என் பெரியப்பா அங்கே ரயில்வே உத்தியோகத்தில் இருந்தார். அவர் வீட்டில் தங்கிப் படித்தவன் நான்.

பெரியப்பாவுக்குச் சங்கீத ஞானம் உண்டு. ரேடியோவில் எல்.ஆர். ஈஸ்வரியின் சினிமாப் பாட்டு தொடங்கினால் எழுந்து போய் அணைத்துவிடுவார். கோபித்துக்கொள்ள மாட்டார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார், அவ்வளவுதான். அதே பெரியப்பா, ஆடி வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அதே குரல் மாரியம்மனைப் பாடி ஊரை எழுப்பும்போது, திண்ணையில் கை கூப்பி நிற்பார்.

“பெரியப்பா, இதுவும் அவங்க பாடினதுதானே?” என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

“அது வேறே, இது வேறே. போய்ப் படி.”

அந்த அம்மையாரின் பாட்டைப் பற்றி நம்மவர்கள் இத்தனை வருஷமாகச் சொல்லி வருவதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். நாயகிக்குச் சுசீலா, கிளப் டான்ஸுக்கு ஈஸ்வரி. டான்ஸ் வேறு, பக்தி வேறு. இந்தப் பாகப்பிரிவினையை நானும் வெகுகாலம் ஒப்புக்கொண்டிருந்தேன். இப்போது அது தப்பு என்று தோன்றுகிறது.

லூர்து மேரி ராஜேஸ்வரி என்ற பெண், கோரஸ் பாடகியாயிருந்த தாயாரோடு ஸ்டூடியோவுக்குப் போய் வந்து, தாமும் கோரஸில் நின்றவர். ‘நல்ல இடத்து சம்பந்தம்’ (1958) படத்தில் கே.வி. மகாதேவன் அவரைத் தனியாகப் பாட வைத்தார். எம்.எஸ். ராஜேஸ்வரி என்ற பாடகி முன்பே இருந்ததால் பெயர் எல்.ஆர். ஈஸ்வரி என்று சுருங்கிற்று. ஊரறியச் செய்தது ‘பாசமலர்’ (1961). அதில் நாயகி பாடும் பாட்டுகள் சுசீலாவுக்கு. மணப்பெண்ணைத் தோழிமார் அழைத்து வரும் பாட்டு ஈஸ்வரிக்கு. கோரஸ் பெண்கள் பின்னாலேயே வருகிறார்கள். கூட்டத்திலிருந்து ஓர் அடி முன்னே வந்திருக்கிறார். கூட்டத்தை விட்டு வந்துவிடவில்லை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கோரஸ் பாடுவது லேசான காரியமல்ல. பத்துப் பேர் ஒரே கணத்தில் எழுத்தைப் பிடிக்க வேண்டும். ஒரே இடத்தில் மூச்சு விட வேண்டும். தாளத்தில் மயிரிழை பிசகினால் டேக் முழுவதும் வீண். அந்தச் சிட்சை ஈஸ்வரியின் தொண்டையை விட்டுப் போகவேயில்லை. அவருடைய முதல் எழுத்து தாளத்தின் தலைமேல் போய் விழுகிறது. ‘வல்லவன் ஒருவன்’ (1966) படத்தில் வேதாவின் வாத்தியங்கள் மேல்நாட்டு மோஸ்தரில் குதிக்கும்போதும், ‘சிவந்த மண்’ணில் (1969) சவுக்கடிக்கு நடுவே பாடும்போதும், ஒரு சொல் நழுவுகிறதா பாருங்கள். குழாய் ஸ்பீக்கர் நடுத்தரச் சுருதியை மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கும். மெல்லிய நெளிவுகளை விழுங்கிவிடும். அதையும் மீறி ஊர்க்கோடி வரை சொல் சொல்லாகப் போய்ச் சேர்ந்த குரல் இது.

இன்னொன்று. நாயகியின் குரல் தனக்குத்தானே பாடிக்கொள்ளும். நாம் ஒட்டுக் கேட்கிறோம். தோழியின் குரல் எதிரில் நிற்பவரைக் கூப்பிடும். மணப்பெண்ணை அழைத்த அதே குரல்தான் ‘கறுப்புப் பண’த்தில் (1964) கிளப்புக்கு வந்தவர்களை அழைக்கிறது, ‘பணமா பாசமா’வில் (1968) இலந்தைப்பழம் வாங்க அழைக்கிறது, ஆடியில் அம்மனை அழைக்கிறது. கூப்பிடுகிற முறை ஒன்றே. பெரியப்பா அணைத்ததும் கும்பிட்டதும் ஒரே சாமர்த்தியத்தைத்தான்.

குறை இல்லையா என்றால், உண்டு. வேண்டாத இடத்தில் பெருமூச்சும் சிணுங்கலும் சேர்த்த பாட்டுகள் சில உண்டு; கேட்டவர்கள் கொடுத்த காசுக்குக் கொடுத்தது போலிருக்கும். 2011-ல் ‘ஒஸ்தி’ படத்தில் தமன் அவரை மறுபடி பாட வைத்தபோது தியேட்டரில் விசில் பறந்தது. வயது எழுபதைத் தாண்டியும் எடுப்பு அப்படியே இருந்தது. பாட்டுத்தான் அந்த எடுப்புக்குப் போதவில்லை.

அமெரிக்காவில் டார்லீன் லவ் என்ற பின்னணிக் குரல்காரி 1962-ல் பாடிய பாட்டு, ‘கிரிஸ்டல்ஸ்’ என்ற வேறு குழுவின் பெயரிலேயே வெளிவந்து முதலிடம் பிடித்தது. குரல் ஒருத்தியுடையது, பெயர் மற்றவர்களுடையது. நம் ஈஸ்வரிக்குப் பெயர் கிடைத்தது. ஆனால் கோரஸ் வரிசையிலிருந்து வெளியே வந்தவரை நாம் இன்னொரு வரிசையில் நிறுத்திவிட்டோம். எல்லை அருகிலிருந்த எங்கள் தெருவில் தெலுங்கு பேசுகிறவர்கள் பலர். 1973-ல் ‘தேவுடு சேசின மனுஷுலு’ வந்த பிறகு அவர்களும் அவர் பாட்டை முணுமுணுத்தார்கள். தெலுங்கிலும் அது கிளப் பாட்டுத்தான்.

அந்த வரிசையை மீறின பாட்டு ஒன்று உண்டு. ‘வெள்ளி விழா’ (1972) படத்தில் வி. குமார் அவரைத் தாழ்ந்த குரலில், ஒரு குடும்பப் பெண்ணின் அந்தரங்கமாகப் பாட வைத்தார். ஊரைக் கூட்டிய குரல் ஒரே ஒரு காதுக்காகக் குனிகிறது. தாளம் மட்டும் அந்த மெல்லிய குரலிலும் இம்மி அசையவில்லை.

ஓர் இரவு அது ரேடியோவில் வந்தது. பெரியப்பா எழுந்து போனார். குமிழில் கை வைத்தார், திருகவில்லை. பாட்டு முடிகிற வரை அப்படியே நின்றார்.

“யாருடா இது? சுசீலாவா?” என்றார்.

நான் பாடப் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.