யாருடைய கிணறு?

தோல் ஷாப்புக் கழிவுநீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தந்த தீர்ப்பை ஒரு பிரதியாகவே வாசிக்கிறேன். கெடுத்தவனே காசு கொடுக்கணும், கெட்டதைச் சீராக்கும் செலவையும் ஏற்கணும் என்கிறது. வரவேற்கிறேன். திண்டுக்கல் பக்கம் 13 ஊர்களில் குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனதாக ஒரு கணக்கெடுப்பை எடுத்துக்காட்டுகிறது. பெண்களும் பிள்ளைகளும் குடிதண்ணிக்கு மைல்கணக்கில் நடப்பதையும் சொல்கிறது. எந்தத் தெருப் பெண்கள்? தண்ணி நல்லாயிருந்த காலத்தில் அந்தக் கிணறுகளில் சேரிப் பெண் குடம் இறக்க முடிந்ததா? பிரதி மௌனம். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் அலசியவர்களும் நம் ஆட்கள்தானே? கிணற்றின் உப்பைக் கணக்கெடுத்தவர்கள் சாதியைக் கணக்கெடுக்கவில்லை. சேரிக் குடம் இறங்காத கிணறு, சுத்தமானாலும் ஊர்க்கிணறுதான், பொதுக்கிணறு ஆகாது.