தூய கணிதமும் கருத்தரங்கும்

கற்றல் என்பது கேட்டலோடு முடிவதன்று. ஆசிரியன் உரைத்ததைச் செவ்வனே கொண்ட மாணாக்கனும் புலமையிற் காற்கூறே பெறுவான் என்றும், உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் என்றும் நன்னூற் பொதுப்பாயிரம் வகுத்துரைக்கின்றது. இஃது இலக்கணம் பயில்வார்க்கு மட்டும் உரிய விதியன்று. பல்கலைக்கழகத் தூய கணிதத் துறைகளில் நிகழும் கருத்தரங்குகளை அளந்தறிதற்கும் இதனினும் ஏற்ற கோல் வேறில்லை என்பது எம் துணிபு.

அக்கருத்தரங்குகள் கற்றலரங்கு, ஆய்வரங்கு என இருவகைப்படும். முன்னையதில் ஐவர் அறுவர் கூடி, நூலொன்றை எடுத்துக்கொண்டு, வாரத்திற்கு ஒருவராகக் கரும்பலகைமுன் நின்று விளக்குவர். ஏனையோர் இடைமறித்து வினாவுவர். பின்னையதில் ஒருவர் தாம் புதிதாகக் கண்டதை அறிஞர்முன் வைத்து, அவர் எழுப்பும் தடைகளுக்கு விடை பகர்வர். இது நமக்கு முற்றிலும் புதியதன்று. பண்டை அரங்கேற்றமும் இத்தகையதே. காரைதீவு தந்த சுவாமி விபுலானந்தர், தாம் சுர அளவுகளைக் கணக்கிட்டு இயற்றிய யாழ்நூலை 1947 ஆம் ஆண்டு திருக்கொள்ளம்பூதூரில் அறிஞர் அவையில் அரங்கேற்றியமை நாம் அறிந்ததே.

கற்றலரங்கின் பயனை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். மூடிய ஆயிடை ஒன்றில் தொடர்ச்சியாயுள்ள சார்பு ஓர் எல்லையைத் தாண்டாது என்பது தேற்றம். மாணவன் நிறுவலைப் பிழையின்றி எழுதிவிடுகிறான். அவ்வேளை ஒருவர், “மூடிய என்னும் அடை எதற்கு?” என்கிறார். அவன் திகைக்கிறான். 0 இற்கும் 1 இற்கும் இடைப்பட்ட எண்களை, அவ்விரு முனைகளையும் நீக்கி எடுத்து, ஒவ்வோர் எண்ணாலும் 1 ஐ வகுத்துப் பார்க்கச் சொல்கின்றனர். எண் 0 ஐ நெருங்க நெருங்க ஈவு எல்லையின்றிப் பெருகுகிறது. முனையொன்றை விட்டமையால் தேற்றமே வீழ்ந்ததை அவன் தன் கண்ணாற் காண்கிறான். மனனஞ் செய்த நிறுவல் அக்கணமே அவனுடையதாகின்றது. பத்து விரிவுரைகள் தராததை ஒரு வினா தந்துவிடுகின்றது.

தமிழர் வரலாற்றில் இதற்குச் சான்று உண்டு. பிரெஞ்சு நாட்டு இயேசுசபைக் குரவர் சாள்ஸ் இரசீன் 1939 முதற் சென்னை இலயோலாக் கல்லூரியிற் புதுக் கணிதத்தின் சுவையை மாணவர்க்கு ஊட்டினார். அவரிடம் பயின்ற எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்திரியும் 1953 இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை அடைந்தனர். அங்கே பிற நாட்டுப் பேரறிஞர் வந்து தொடர் விரிவுரை ஆற்றுவர். இளம் மாணவர் குறிப்பெடுத்து, இடைவெளிகளைத் தாமே நிரப்பி, நூலாக எழுதுவர். இலயோலாவிலிருந்து சென்ற மற்றொருவரான சி. பி. இராமானுஜம், உருசிய அறிஞர் ஷஃபரேவிச்சின் விரிவுரைகளை அவ்வாறு எழுதினார். 1966 இல் வெளிவந்த அந்நூலில் இராமானுஜம் தம் பிழைகளைத் திருத்தியதோடு நிறுவல்களையும் நிறைவாக்கினார் என்று ஷஃபரேவிச்சே ஒப்புக்கொண்டார். நரசிம்மனும் சேஷாத்திரியும் 1965 இல் வெளியிட்ட தேற்றம் இன்று அவ்விருவர் பெயராலேயே உலகெங்கும் வழங்குகின்றது. கேட்டவர் எடுத்துரைப்பவராயினர், எஞ்சிய முக்காற் கூறும் நிரம்பிற்று.

இனி நம் நிலையை நோக்குவோம். பெரியநீலாவணை முதலாக இக்கரையோர ஊர்களில் உயர்தர மாணவரிடம் ‘செமினார்’ என்றால், பரீட்சைக்கு முன் பெருங்கூட்டமாக மண்டபத்தில் அமர்ந்து, எதிர்பார்க்கும் வினாக்களுக்கு விடை எழுதிக்கொள்ளும் வகுப்பு என்றே பொருள். அதனாற் பயனில்லை என்போமல்லேம். தனி வகுப்புக்குப் பணமில்லாத பிள்ளைக்கு அது பேருதவியே. ஆயினும் அங்கே வினாவுபவர் இல்லை. அப்பழக்கத்தோடு பல்கலைக்கழகம் புகும் மாணவன், அங்கும் கருத்தரங்கு பலவேளைகளிற் பொன்னாடையும் வரவேற்புரையும் நன்றியுரையுமாய் நடந்தேறி, வினாவிற்கு இறுதி ஐந்து நிமிடமே எஞ்சுவதைக் காண்கிறான். விழா சிறக்கின்றது, அரங்கு வறிதாகின்றது.

பேரறிஞர் வருகையும் பெரும்பொருளும் பம்பாய்க்கு இருந்தன, நமக்கு எவை உள என்பர் சிலர். கற்றலரங்கிற்கு வேண்டுவன நான்கு பேர், ஒரு பலகை, ஒரு நூல், அறியாமையை ஒப்புக்கொள்ளும் நெஞ்சு ஆகியனவே. இவற்றுள் அரியது இறுதியது. நம் மாணவர்க்கு மற்றுமோர் இடர் உண்டு. உயர்தரம் வரை தமிழிற் பயின்றவர் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திற் கேட்கின்றனர். பிழைபட ஆங்கிலம் பேசிவிடுவோமோ என்னும் அச்சத்தால் வாய் திறவார். அம்மௌனத்தை விளக்கமென ஆசிரியர் மயங்குவர். ஆங்கிலம் வேண்டாவென்பது எம் கருத்தன்று. ஐயம் எம்மொழியில் எழுகின்றதோ அம்மொழியில் அதனைக் கேட்க இடந்தருக என்பதே எம் வேண்டுகோள். சார்பு, ஆயிடை, தொகையீடு முதலாய கலைச்சொற்கள் நம் பாடசாலைகளில் வேரூன்றி நெடுநாளாயின. அவற்றைக் கொண்டு கற்றலரங்கு நடத்துதற்குத் தடை யாது?

வந்தாறுமூலைக்கோ சம்மாந்துறைக்கோ நாளை செல்லவிருக்கும் நம் மாணவர் இதனைப் பாடசாலையிலேயே தொடங்கலாம். வாரம் ஒரு மாலை, ஒரு தேற்றம், ஒருவர் பலகைமுன். அவர் இடறி நிற்கும் இடத்தில் நகையாது வினாவும் நண்பர் இருவர் வாய்த்தாற் போதும்; காற்கூறாய் நிற்கும் கல்வி அங்கிருந்தே நிரம்பத் தொடங்கும்.