கரிசல் மண்ணில் பழகிய மணிக்கட்டு

ஸ்ரீவைகுண்டத்துக்கு வடக்கே, தாமிரபரணிப் பாசனம் எட்டாத கரிசல் சீமையில் இருக்கிறது கோவில்பட்டி. இரண்டுமே இன்று தூத்துக்குடி மாவட்டத்து ஊர்கள். 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தவை. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன கோவில்பட்டியை ‘ஹாக்கிபட்டி’ என்றும் சொல்வார்கள். இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்க்காரர். அரியலூர்க்காரரான கார்த்தி செல்வம் தேறியதும் இங்குள்ள அரசு ஹாக்கிப் பயிற்சி மையத்தில்தான்.

ஹாக்கி ஆட்டக்காரரின் இளமைக்காலம் அவருடைய மணிக்கட்டில் தெரியும். மட்டையின் இடப்பக்கம் மட்டுமே தட்டை. பந்தை அந்தப் பக்கத்தால்தான் ஆட வேண்டும். பனி ஹாக்கியில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. லடாக்கின் உறைந்த குளங்களில் தொடங்கும் பிள்ளைகள் மட்டையின் இரு முகத்தாலும் ஆடலாம். இங்கோ இடப்புறம் தள்ளிய பந்தை மறுபடி வலப்புறம் இழுக்க மட்டையைக் கவிழ்த்தாக வேண்டும். மேலே பிடித்த இடக்கை திருப்பும். கீழே வலக்கை சும்மா தாங்கும். வலக்கை இறுகினால் ஓட்டம் தடைபடும். ரசிகன் முதலில் பார்க்க வேண்டியது கோலை அல்ல, இந்த வலக்கையை.

மண் தரையில் பந்து எப்போது துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அங்கே பழகிய பையன் பந்தை மட்டையை விட்டு விலக விடமாட்டான். பூனாவை அடுத்த கட்கியில், தமிழ்க் குடும்பத்தில் 1968-இல் பிறந்த தன்ராஜ் பிள்ளை அப்படி வந்தவர். தந்தை ஆயுதத் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரித்தவர்; பிள்ளைகளுக்கு வாய்த்தவை உடைந்த மட்டைகளும் கழித்துப்போட்ட பந்துகளும். முன்னாள் இந்திய வீரர் முகமது ஷாஹித்தின் ஆட்டத்தைப் பார்த்துப் பழகிய தன்ராஜ் முழு வேகத்தில் ஓடும்போதும் பந்து மட்டையோடு ஒட்டியே போகும். நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடிய அவர் அளவுக்கு அந்த வித்தையில் வேகத்தைக் கலந்தவர்கள் அபூர்வம்.

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் முதல் செயற்கைப் புல்தரை வந்தது. பந்து நேராக, விரைந்து வரும். அதை முதல் தொடுகையிலேயே அடக்கத் தெரியாதவருக்கு ஆட்டமே இல்லை. புல்லில் 1975 உலகக் கோப்பையை வென்ற இந்தியா இந்த மாற்றத்தில் வெகுகாலம் தடுமாறியது. கோவில்பட்டியிலும் செயற்கைத் தரை வந்துவிட்டது. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்கு வரும் வெளிமாநில அணிகளின் ஆட்டத்தை உள்ளூர்ப் பையன்கள் பக்கத்திலிருந்தே பார்க்கிறார்கள். பயிற்சியாளர் ஆயிரம் சொன்னாலும் கண்ணால் பார்த்துக் கை பழகுவது வேறு.

2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கு நடுக்கள வீரராக மாரீஸ்வரனும், முன்கள வீரராகக் கார்த்தியும் போனார்கள். பாகிஸ்தானுடனான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார்; ஆட்டம் 1-1 என முடிந்தது. இந்தியா வெண்கலம் வென்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சென்னை எழும்பூரில் மலேசியாவை 4-3 என வென்று ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையைக் கைப்பற்றிய அணியிலும் கார்த்தி இருந்தார்.