பாசியறியும் கண்

வீட்டுக் கூடத்தில் வைத்த கடல்நீர்த் தொட்டியில் மீனையும் பவளத்தையும் ரசிப்பது எவருக்கும் எளிது. கண்ணாடியில் ஏறும் பழுப்பையும் மணல்மேல் விரியும் சிவப்பையும் பார்த்து, அது இன்னது, இக்காரணத்தால் வந்தது என்று சொல்லத் தெரிந்தவரே தேர்ந்த ரசிகர்.

புதிய தொட்டியில் முதற்சில வாரங்களுக்குள் காப்பித்தூள் தூவியதுபோல் மணல் பழுப்பேறினால், அது டயட்டம். சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் இந்த ஒற்றைச்செல் உயிரி, நீரில் கரைந்த சிலிக்கேட் தீர்ந்ததும் தானே அடங்கிவிடும் என்பதால் அனுபவசாலிகள் பதறுவதில்லை. கருஞ்சிவப்புப் போர்வையாய் வழவழவென்று படர்ந்து, ஒளிச்சேர்க்கையில் வெளியாகும் ஆக்சிஜன் குமிழிகளைத் தன்னுள் சிக்கவைத்திருப்பது சயனோபாக்டீரியா. பாடநூல்கள் நீலப்பசும்பாசி என்றழைக்கும் இது, தொட்டியில் பெரும்பாலும் நீலமாகவோ பச்சையாகவோ இருப்பதில்லை, உயிரியல் கணக்கில் பாசியும் அன்று. ஏடாக உரிந்துவரும் அதைக் குழாய் வைத்து உறிஞ்சியெடுத்து, தேங்கிய மூலைகளில் நீரோட்டத்தைக் கூட்டுவது முதல் வைத்தியம்.

கண்ணை ஏமாற்றுவதில் கைதேர்ந்தது டைனோபிளாஜெல்லேட். சாட்டை போன்ற இரு இழைகளால் நீந்தும் இந்நுண்ணுயிரிகள், கூட்டமாய்ச் சேரும்போது நுனியில் குமிழி தாங்கிய பழுப்புச் சளியாகத் தெரிவதால், டயட்டம் என்றே எண்ணத் தோன்றும். சளியில் சிறிதைத் தொட்டிநீரோடு சீசாவில் இட்டுக் குலுக்கி, மெல்லிய தாளில் வடிகட்டி, தெளிந்த நீரை விளக்கடியில் ஒரு மணிநேரம் வைத்தால், தாளின் துளைவழியே நழுவிவந்த செல்கள் மீண்டும் ஒன்றையொன்று பற்றி இழையாகத் திரள்வதைக் காணலாம். அதற்குமேலும் ஐயமிருந்தால் நுண்ணோக்கி தீர்த்துவைக்கும். இவற்றுள் ஆஸ்ட்ரியாப்சிஸ் என்னும் வகையின் நஞ்சு, பாசி மேய விட்ட நத்தைகளையே கொல்லக்கூடியது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் துளியும் கூடாதென்று நீரை மேன்மேலும் வடித்தெடுத்த தொட்டிகளில்தான், போட்டியிடும் பிற உயிரிகள் பட்டினியில் ஒடுங்க, இது பெரும்பாலும் தலைதூக்குகிறது. தூய்மையில் வெறிகொண்டவருக்கு இதைவிடக் கூர்மையான பகடி வேண்டியதில்லை. எனவே தேர்ந்தவர், மற்றவர் அஞ்சும் அவ்விரு சத்துகளையும் அளந்து தாமே ஊற்றுகிறார். இரவில் நீரில் மிதக்கவரும் வகையாயின், தொட்டிநீரைப் புற ஊதா விளக்கின் வழியே ஓடவிட்டு அழிக்கிறார்.

பச்சை மயிர்ப்பாசிக்குக் காரணம் இதற்கு நேர்மாறானது: மிகுதியான தீனி, சுத்திகரிக்காத குழாய்நீர். குமிழ்ப்பாசியான வலோனியாவோ, திராட்சையளவு பளபளக்கும் ஒவ்வொரு மணியும் ஒரே செல்லாக இருப்பதால், பிடுங்கி எறியுமுன் சற்றே உள்ளங்கையில் வைத்துப் பார்க்கத் தக்கது.

பாசியைப் பாசியாலேயே கட்டும் உத்தியில் இக்கலை உச்சம் பெறுகிறது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்து அறிஞர் வால்டர் ஏடி, பலத்த விளக்கொளியில் வலைத்திரைமேல் நீரை அலையலையாய்க் கவிழ்த்து, அதில் பாசியைப் புல்தரைபோல் வளர்த்து அவ்வப்போது சுரண்டியெடுப்பதன்மூலம், நீரின் மிகைச்சத்தை அப்பாசியோடு சேர்த்து வெளியேற்றும் முறையை வகுத்தார். இன்றைய வீட்டுத் தொட்டிகளின் அடியறையில், நூற்கண்டு அவிழ்ந்ததுபோல் கிடக்கும் கீட்டோமார்ஃபா என்னும் பச்சைப்பாசி செய்வதும் அதே வேலைதான்.

அந்த ஏடி ஆழ்ந்து ஆராய்ந்தது, சுண்ணாம்பைத் தன்னுள் படியவைத்துப் பாறைமேல் இளஞ்சிவப்பாய் இறுகும் பவளப்பாசிகளை. தொட்டிக்காரர்கள் விரும்பி வரவேற்கும் அப்பாசியை எஃகுத் தகட்டால் முன்கண்ணாடியில் மட்டும் சுரண்டிவிட்டு, மற்ற மூன்று பக்கங்களையும் அதற்கே விட்டுவிடுகிறார்கள்.