பெட்ரோல் தீராத பாலைவனம்

1992-இல் மைண்ட்ஸ்கேப் நிறுவனம் வெளியிட்ட ‘அவுட்லேண்டர்’ என்ற வீடியோ கேமை இன்று எடுத்து ஆடினால் அதன் கரடுமுரடுதான் முதலில் கண்ணில் படும். உலகம் அழிந்தபின் மிஞ்சிய நெடுஞ்சாலையில் காரோட்ட வேண்டும். ஊர் வந்ததும் இறங்கி, எதிர்ப்படுகிறவனையெல்லாம் அடித்து வீழ்த்த வேண்டும். சாலையில் டிரைவர் இருக்கையிலிருந்து தெரியும் காட்சி. இறங்கிவிட்டால் பக்கவாட்டில் நகரும் அடிதடி. இரண்டு கேம்களை ஒட்டுப்போட்டதுபோலத்தான் இருக்கும். ஆனாலும் இரண்டையும் பிணைத்த ஒன்று அதில் இருந்தது: பற்றாக்குறை. எரிபொருளும் தண்ணீரும் உணவும் தீர்ந்துகொண்டே இருக்கும். இறங்கினால் ஆபத்து, இறங்காமல் விட்டாலோ பயணம் முடிந்தது. போடுகிற ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு தேவை இருந்தது.

அதே வகையின் பெரும் பொருட்செலவு வாரிசு, 2015 செப்டம்பரில் வந்த ‘மேட் மேக்ஸ்’. சுவீடனின் அவலாஞ்ச் ஸ்டூடியோஸ் உருவாக்கி, வார்னர் பிரதர்ஸ் வெளியிட்டது. வற்றிப்போன கடலின் தரைதான் களம். மணலில் சாய்ந்து கிடக்கும் கப்பல்களுக்கு நடுவே தூரத்தில் புழுதி கிளம்பினால், வருவது யாரென்று தெரிவதற்குள் கை ஸ்டியரிங்கை இறுக்கிக்கொள்ளும்.

கார்ச் சண்டையில் இந்த கேமுக்கு நிகராகச் சொல்ல அதிகம் இல்லை. மேக்னம் ஓபஸ் என்ற காரின் பின்புறம் தொற்றிக்கொண்டு வரும் சம்பக்கெட் என்ற கூனன், கம்பி கட்டிய ஈட்டியை எறிகிறான். அது எதிரி வண்டியின் டயரைப் பிடுங்கும், கதவைப் பெயர்க்கும், டிரைவரையே வெளியே இழுத்துப்போடும். கனமான கவசம் மாட்டினால் வண்டி மந்தமாகிவிடும். வேகம் வேண்டுமென்றால் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வேண்டும். நாம் இறங்கி நிற்கும்போது சம்பக்கெட் அடிபட்ட பாகங்களைத் தட்டிச் சரிசெய்கிறான். அந்தக் காரை அவன் தெய்வமாகக் கும்பிடுகிறான். ஆடுகிறவருக்கும் மெல்ல அந்தப் பக்தி தொற்றிக்கொள்கிறது.

காலை மண்ணில் வைத்ததும் தரம் இறங்கிவிடுகிறது. ஆர்க்கம் வரிசை பேட்மேன் கேம்களின் தாளம்தான் இங்கேயும்: ஒரு பட்டன் அடிக்க, எதிரியின் தலைக்கு மேல் அடையாளம் மின்னும்போது இன்னொரு பட்டன் தடுக்க. அடியின் கனம் நன்றாகவே வந்திருக்கிறது. நாயகன் மேக்ஸ் பேட்மேனைப்போல வித்தை காட்டுவதில்லை. களைத்தவனின் முரட்டுத்தனத்தோடு மோதுகிறான். முதல் சில எதிரி முகாம்களில் இது சுகம். பிறகு எல்லா முகாமிலும் அதே வளையம், அதே தாளம்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் ஏற்க முடியாதது, இந்த கேம் தன் உலகத்தையே மறந்துவிடுவது. தொடக்கத்தில் பெட்ரோல் கேன் ஒன்று கிடைத்தால் அது புதையல். அதைக் காருக்கு ஊற்றலாம், தீ வைத்து எதிரி மேல் வீசவும் செய்யலாம். எதற்குச் செலவழிப்பது என்று மனம் அடித்துக்கொள்ளும். அந்தத் தவிப்புதான் இந்த வகையின் உயிர். ஆனால் நமக்குப் புகலிடமாகும் கோட்டைகளில் எண்ணெய்க் கிணறு கட்டிவிட்டால் உள்ளே நுழையும்போதெல்லாம் டேங்க் நிரம்பிவிடுகிறது. தண்ணீருக்கும் தோட்டாவுக்கும் இதே கதை. நாம் கேமை அணைத்துவைத்திருக்கும் நேரத்தில்கூடப் பழைய இரும்பு பொறுக்கிச் சேர்த்துவைக்க ஆள் போட்டுக்கொள்ளலாம். பிறகு எதற்காகச் சண்டை? வரைபடத்தில் மிஞ்சிய குறிகளை அழிப்பதற்காக என்பதைத் தவிர வேறு பதில் கிடைப்பதில்லை. அவுட்லேண்டரிடம் இல்லாத அழகு, ஒலி, பிரம்மாண்டம் எல்லாம் இதில் இருந்தும், அதனிடம் இருந்த பயம் பாதி வழியில் காணாமல்போகிறது.

இருந்தாலும் ஆடத் தகுந்த கேம். கார் ஒன்றுக்காகவே ஆடலாம். இனி ஆடப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எண்ணெய்க் கிணறுகளைக் கட்டுவதை முடிந்தவரை தள்ளிப்போடுங்கள்.